சோயா மெழுகுவர்த்தியில் மணம் கூட: எண்ணெயைக் கூட்டுவதா, திரியை மாற்றுவதா?

சென்ற நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக நாற்பது சோயா மெழுகுவர்த்திகளை வீட்டிலேயே வார்த்தேன். மூடியைத் திறந்தால் மல்லிகை மணம் மூக்கைத் துளைத்தது. ஏற்றி வைத்த பிறகோ, பக்கத்தில் குனிந்து முகர்ந்தால்தான் மணக்கிறது என்று மூன்று வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒரே சொற்களில் செய்தி வந்தது. அதன் பிறகு ஐந்து மாதங்களாக, இந்தக் குறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று தீர்வுகளையும் செய்து பார்த்தேன்: வாசனை எண்ணெயைக் கூட்டுவது, திரியைப் பெரிதாக்குவது, சோயாவோடு வேறு மெழுகைக் கலப்பது. இப்போது நான் திரியின் பக்கம் நிற்கிறேன். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

காசு செலவில்லாத இரண்டு திருத்தங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சோயா மெழுகு மெதுவாக இறுகிப் படிகமாகும் பொருள் என்பதால், வார்த்த மறுநாளே ஏற்றிப் பார்த்து மணம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மூடி வைத்துப் பத்து முதல் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். எண்ணெயைச் சேர்க்கும்போது மெழுகு 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும்; சேர்த்தபின் இரண்டு நிமிடமாவது நிதானமாகக் கிளற வேண்டும். எண்ணெய்ப் புட்டியில் தீப்பற்று வெப்பநிலை என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மெழுகு அதைவிடச் சூடாக இருந்தால் மணம் ஆவியாகிப் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். எண்ணெயின் ஆவி, அருகில் நெருப்பிருந்தால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையைத்தான் அந்த எண் குறிக்கிறது. இரண்டு நிமிடக் கிளறலில் மணம் எவ்வளவு போகும் என்பதை அது சொல்வதில்லை.

எண்ணெயைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்விட்டம் 7.5 செ.மீ. உள்ள கண்ணாடிக் குவளையில் 200 கிராம் மெழுகுக்கு 12 கிராம், அதாவது 6 சதவீத எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை 20 கிராமாக, 10 சதவீதமாக உயர்த்தினேன். ஏற்றாத மெழுகுவர்த்தி அலமாரி முழுவதையும் மணக்கச் செய்தது. ஏற்றியபோது கிடைத்த முன்னேற்றம் மிகச் சிறிது. அதற்குள் வேறு தொல்லைகள் வந்துவிட்டன. மேல்பரப்பில் வியர்வை போல எண்ணெய்த் துளிகள் நின்றன. திரியின் நுனியில் கரி சேர்ந்து காளான் குடைபோல உருண்டது. சுடர் சிறுத்துப் புகைந்தது. பல சோயா மெழுகுகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் உச்ச அளவு 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றுவது மெழுகோடு சேராமல் கசிகிறது; திரி வழியாக ஏறும்போது அதை அடைக்கவும் செய்கிறது. செலவையும் பார்க்க வேண்டும். நான் வாங்கும் எண்ணெய் 100 கிராம் 480 ரூபாய்; கூடுதலாக ஊற்றிய 8 கிராம் மட்டும் குவளை ஒன்றுக்கு 38 ரூபாயை விழுங்கியது.

எண்ணெயின் அளவை மாற்றுவதற்கு முன் எண்ணெயையே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. நான் முதலில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது ஊதுபத்திக்கான வாசனை என்பது பிறகுதான் தெரிந்தது. அவற்றில் டி.இ.பி. (டைஎத்தில் தாலேட்) போன்ற, வாசனையை நீர்க்கச் செய்யும் கரைப்பான்களைக் கணிசமாகச் சேர்ப்பது வழக்கம். எடைக்கு எடை பார்த்தால் மணப்பொருள் குறைவாக இருக்கும். செடிகளிலிருந்து வடித்த தைலங்களில் எலுமிச்சையும் ஆரஞ்சும் எளிதில் ஆவியாகிவிடுவதால் மெழுகில் சோர்ந்துவிடுகின்றன. எலுமிச்சைப்புல் தைலம் பரவாயில்லை. எண்ணெயை மில்லிலிட்டரில் அளக்காமல் தராசில் நிறுத்து ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர இதில் நான் சேர்க்க வேறொன்றும் இல்லை.

இனி திரி. நான் வெகுநாள் கவனிக்காமல் விட்டது ஒரு சாதாரண விஷயம். எரியும்போது அறைக்குள் வரும் மணத்தில் பெரும்பங்கு, சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகின் மேல்பரப்பிலிருந்து எழுகிறது. இதில் ஈடுபட்டிருப்பவர்கள் அதை மெல்ட் பூல் என்கிறார்கள். நான் குளம் என்றே எழுதுகிறேன். இறுகிக் கிடக்கும் மெழுகில் எவ்வளவு எண்ணெய் ஊறியிருந்தாலும், அது குளத்தில் கரைந்து சூடேறும் வரையில் அறைக்கு அதனால் பெரிய பயனில்லை. மூடியைத் திறந்தால் மணப்பதும் ஏற்றினால் மணக்காததும் ஒரே குவளையில் நிகழ்வதற்குக் காரணம் இதுதான் என்று புரிந்தபோது, மூன்று மாத எண்ணெய்க் கணக்கை நினைத்துச் சற்று வெட்கமாக இருந்தது.

அளவுகோலைக் குவளையின் வாயில் வைத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் எரிந்த பிறகும் குளத்தின் விட்டம் 5.5 செ.மீ.தான், சுற்றிலும் ஒரு செ.மீ. அகலத்துக்கு உருகாத மெழுகு மதில் போல நின்றது. ஒரு செ.மீ. பெரிய இழப்பாகத் தெரிவதில்லை. பரப்பைக் கணக்கிட்டால் கதை வேறு: 5.5 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 24 சதுர செ.மீ.; குவளையின் முழு வாயான 7.5 செ.மீ.க்கு அது 44 சதுர செ.மீ. மணம் எழும் பரப்பில் பாதிக்குச் சற்றே அதிகமானதை மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். இந்த இழப்பை எண்ணெயால் ஈடுகட்ட வேண்டுமானால் 6 சதவீதத்தை 11 சதவீதமாக ஆக்க வேண்டியிருக்கும்; மெழுகு அதைத் தாங்காது. மணம் பரப்புக்கு நேர்விகிதத்தில்தான் எழும் என்று கொண்ட தோராயக் கணக்கு இது. குளத்தின் வெப்பமும் ஆழமும் இதில் சேரவில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் கை வைக்க வேண்டும் என்பதை இது காட்டிவிட்டது.

அதுவரை நான் பயன்படுத்தியது, காகித இழை சேர்த்துப் பின்னிய சி.டி. வகைப் பருத்தித் திரியில் 8ஆம் எண். அதே மெழுகு, அதே குவளை, 8 சதவீத எண்ணெய் என்று மற்றவற்றை நிலையாக வைத்துக்கொண்டு 10, 12, 14 ஆகிய எண்களில் ஒவ்வொன்று வார்த்தேன். 10ஆம் எண்ணில் குளம் விளிம்பைத் தொட நான்கு மணி நேரம் ஆயிற்று. 12ஆம் எண்ணில் மூன்று மணிக்குச் சற்று முன்பே தொட்டது. ஆழமும் ஒரு செ.மீ. அளவுக்கு வந்தது. விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மணி நேரம் என்று வழக்கில் உள்ள கணக்குக்கு இது ஒத்துவருகிறது. கூடத்தில் வைத்திருந்ததன் மணம் வாசல் வரைக்கும் வருகிறது என்று, கேளாமலே சொன்னவர் என் மாமியார். திரி ஒன்றின் விலை ஐந்து ரூபாய். 8க்கும் 12க்கும் இடையிலுள்ள வேறுபாடு காசுகளில்தான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய திரி மெழுகை வேகமாகத் தின்கிறது. மணிக்கு 5 கிராம் எரிந்த இடத்தில் 6 கிராம் எரிந்தால், 200 கிராம் குவளை 40 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரத்துக்கு இறங்கிவிடும். விற்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 14ஆம் எண்ணில் சுடர் உயரமாக எழுந்து ஆடியது, கண்ணாடியின் உள்விளிம்பில் கரி படிந்தது, குவளையைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. மணமும் முதல் சில மணி நேரம் தூக்கலாக இருந்து பிறகு மங்கியது. குளம் அளவுக்கு மீறிச் சூடானதால் எண்ணெய் விரைந்து போய்விட்டது என்றே நினைக்கிறேன். பெரிதாக்குங்கள் என்பதற்காக ஒரேயடியாகத் தாவிவிட வேண்டாம். எந்தத் திரியாக இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் 5 மி.மீ. அளவுக்கு நறுக்குவதும், நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரியவிடாதிருப்பதும் நல்லது.

மெழுகைக் கலப்பதில் என் அனுபவம் குறைவு. பாரஃபினை முப்பது சதவீதம் கலந்து ஒரே ஒரு முறை செய்தேன். மணம் திடமாக எழுந்தது உண்மை. ஆனால் சோயா மெழுகுவர்த்தி என்று சொல்லிக் கொடுப்பதில் ஒரு நெருடல் இருந்ததால் தொடரவில்லை. தேங்காய் மெழுகு கலந்தது வெயிலில் விரல் பட்டால் குழியும் அளவுக்கு இளகிவிட்டது. குளிரூட்டிய அறை உள்ளவர்களுக்கு அது பொருந்தலாம். மரத்திரியில் இரண்டே குவளைகள்தான் செய்திருக்கிறேன். ஒன்று நன்றாக எரிந்தது, மற்றது அடிக்கடி அணைந்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சோதிக்கும்போது நம் வீடுகளுக்கே உரிய ஓர் இடைஞ்சல் மின்விசிறி. அது சுழலும்போது சுடர் ஒரு பக்கம் சாய்ந்து குளமும் கோணலாகிறது. நல்ல திரியும் கெட்ட பெயர் வாங்கும். சென்னைக் கோடையில் விசிறியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் உட்காருவது ஒரு தவம்தான். கூடவே இருந்தால் மூக்கு பழகிவிடும் என்பதால் எப்படியும் உட்கார வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி மீது ஒரு கண் வைக்க வேறொருவரை அமர்த்திவிட்டு, கால் மணி நேரம் மொட்டைமாடியில் நின்று வந்து நுழைந்த கணத்தில் தெரியும் மணத்தைத்தான் நான் குறித்துக்கொள்கிறேன்.

குவளையின் மேல்பாதியை மட்டும் எரித்துப் பார்த்துத் திரியை முடிவுசெய்யவும் வேண்டாம். சுடர் கீழே இறங்க இறங்கச் சுற்றியுள்ள கண்ணாடி சூட்டைத் தேக்குவதால், மேலே சரியாக இருந்த திரி கடைசி மூன்றிலொரு பங்கில் பெரிதாகிவிடக்கூடும். என் 12ஆம் எண் குவளையில் கடைசி இரண்டு விரல் மெழுகு இருந்தபோது லேசாகக் கரி தட்டியது. அதற்காக, 10ஆம் எண்ணிலேயே 8 சதவீத எண்ணெயோடு இன்னொரு முறை வார்த்திருக்கிறேன். மேல்பாதியில் விளிம்போரம் நிற்கும் மெழுகு கீழே வரும்போது தானாக உருகி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இன்றோடு ஆறு நாள் ஆகிறது, ஏற்ற இன்னும் எட்டு நாள் இருக்கிறது.