பிளஸ் டூ விடைத்தாள் நகல்: 275 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

ரிசல்ட் வந்ததும் என்னிடம் கணக்கு டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா டீச்சர்?" முதலில் நகல் வாங்கிப் பாருங்கள் என்பேன். ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். பள்ளி வழியாகவே விண்ணப்பித்துவிடலாம். ஸ்கேன் செய்த விடைத்தாளை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதைப் பார்த்த பிறகும் மனம் ஆறவில்லை என்றால் மறுமதிப்பீடு, அதற்கு 505.

எல்லாப் பாடத்துக்கும் வாங்க முடியாதென்றால் கணக்குத் தாளுக்கு வாங்குங்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணக்கு 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கும். கணக்கில் போன ஒரு மதிப்பெண் கட்-ஆஃபிலும் முழுசாகப் போகும்.

கணக்குத் தாளில் திருத்தியவரின் கணக்கும் தெரிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய நிறைவு. என் மாணவி ஒருத்தி கிராமர் விதியில் (டெல்டா எனும் அணிக்கோவைகளைக் கண்டுபிடித்துச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை) செய்யும் ஐந்து மதிப்பெண் கணக்கில் நாலு வரும் என்று உறுதியாக இருந்தாள், கிடைத்தது மூன்று. நகலைத் திறந்தோம். டெல்டாவுக்கு ஒன்று. டெல்டா-1-இல் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது, அதற்கு இல்லை. டெல்டா-2, டெல்டா-3 இரண்டுக்கும் தலா ஒன்று. எக்ஸ் தப்பாகிவிட்டதால் கடைசி விடைக்கும் இல்லை. படிப்படியாக எண் போட்டிருந்தார்கள். "சரிதான் டீச்சர்" என்று அவளே சொன்னாள். இன்னொரு பையன் அதே மாதிரிக் கணக்கை நேர்மாறு அணி முறையில் செய்திருந்தான். விடை சரி, முழு ஐந்தும் இருந்தது. பெயர் தெரியாமல் டம்மி எண்ணை மட்டும் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் வேறு வழியையும் மதித்திருக்கிறார். எந்த ஊர் முகாமில் திருத்தினாலும் ஒரே படிக்கு ஒரே மதிப்பெண் விழ வேண்டும். பிள்ளைக்கு நாம் தர வேண்டிய நியாயம் அதுதான்.

ஒரு மதிப்பெண் வினாக்களையும் கவனித்துப் பாருங்கள். விருப்பக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் பூஜ்யம் என்பதே விடைக்குறிப்பின் விதி. கடுமையான விதிதான், ஆனால் எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டில் "விடை சரியாத்தானே இருக்கு" என்று வருத்தப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்புறம், ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள மதிப்பெண்ணை நீங்களே கூட்டுங்கள். கூட்டல் மட்டும்தான் சந்தேகம் என்றால் மறுகூட்டல் போதும். 205 ரூபாய், உயிரியலுக்கு 305.

இந்தச் சேவையிடம் நான் கேட்பது ஒன்று உண்டு: நகலோடு அந்தப் பாடத்தின் விடைக்குறிப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். டியூஷன் வைக்க வசதியில்லாத வீட்டில், முதல் தலைமுறையாகப் பிளஸ் டூ எழுதிய பிள்ளை, வெறும் நகலை வைத்துக்கொண்டு எந்தப் படிக்கு எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? திருத்துபவர் கையில் இருக்கும் அளவுகோல் எழுதியவர் கையிலும் இருக்கட்டும்.

கணக்கு, இயற்பியல், வேதியியல் தாள்களுக்குத் தயங்காமல் வாங்கலாம். தமிழ், ஆங்கிலத் தாள்களில் நெடுவினாவுக்கு ஏன் இத்தனை என்பது நகலைப் பார்த்தால் மட்டும் விளங்காது. பாடம் எடுக்கும் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார் என்றால் மட்டும் அவற்றுக்குப் பணம் கட்டுங்கள்.