ஃபியூலிங் மெசினுக்குள் பார்க்க ஒரு வீடியோஸ்கோப்: பாவித்தவனின் மதிப்பீடு

6 மில்லிமீற்றர் தடிப்பில் 3 மீற்றர் நீளமான வளையும் குழாய். அதன் நுனியில் கமெராவும் விளக்கும், மற்ற முனையில் கையில் பிடிக்கும் திரை. விமானப் பராமரிப்பிலும் காற்றாலைகளிலும் வேலை செய்கிறவர்கள் இந்த வகை வீடியோஸ்கோப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அணுமின் நிலையத்தில் பாவித்தவர்கள் எழுதுவது குறைவு. தமிழில் நான் ஒன்றும் பார்க்கவில்லை. ரொறன்ரோவுக்குக் கிழக்கே டுராம் பகுதியில் எங்கள் பிள்ளைகள் பலர் மில்ரைட் (இயந்திரம் பொருத்திப் பழுதுபார்க்கும் தொழில்) பயிற்சிக்கும் இன்ஸ்பெக்சன் வேலைக்கும் போகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயரையும் நான் வேலை செய்த நிலையத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஒப்பந்த வேலையில் அவற்றைச் சொல்ல அனுமதி இல்லை. ஆனால் இந்த அளவுக் கருவிகள் ஒன்றையொன்று ஒத்தவை. நான் சொல்வதில் பெரும்பகுதி எதற்கும் பொருந்தும்.

முதலில் வேலை என்னவென்று சொல்லவேண்டும். கனநீரைப் பாவிக்கும் கனடிய வகை அணு உலையான கான்டு உலையில் எரிபொருள் கிடையாகப் படுத்திருக்கும் குழல்களுக்குள் கிடக்கிறது. டுராமில் உள்ள டார்லிங்ரன் அணுமின் நிலையத்தை எடுத்தால் ஓர் உலைக்கு 480 குழல்கள், ஒரு குழலுக்கு 13 பண்டில்கள் (எரிபொருள் கட்டுகள்), மொத்தம் 6,240. ஒரு பண்டில் ஏறத்தாழ அரை மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் விட்டமும் இருக்கும். நிறை 24 கிலோவை ஒட்டி வரும். குழலின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ஃபியூலிங் மெசின், அதாவது எரிபொருள் மாற்றும் இயந்திரம், வந்து தன் மூக்கைப் பொருத்தி இறுகப் பூட்டிக்கொள்ளும். அடைப்பைக் கழற்றிச் சுழலும் மகசினுக்குள் வைக்கும். ஒரு பக்கத்து மெசின் புதிய பண்டிலைத் தள்ள, மறுபக்கத்து மெசின் பழையதை வாங்கிக்கொள்ளும். உலை முழு வலுவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வளவும் நடக்கும். பூட்டிய மூக்குக்குள் அந்த நேரத்தில் இருப்பது கடும் அழுத்தத்தில் நிற்கும் கனநீர்.

டிஃபியூலிங், அதாவது உலையின் எரிபொருள் முழுவதையும் வெளியே எடுப்பது, இதைவிடக் கடுமையான வேலை. 2016 ஒக்ரோபரில் டார்லிங்ரன் 2ஆம் உலையைப் புனரமைப்புக்காக நிறுத்தியபோது, தொடக்கத்தில் செய்து முடிக்கவேண்டிய பெரிய வேலை அந்த 6,240 பண்டில்களையும் வெளியே எடுப்பதுதான். பிறகு 2020இல் 3ஆம் உலை, 2022இல் 1ஆம் உலை, 2023இல் 4ஆம் உலை. வழமையான நாளில் மெசின் ஒரு சில குழல்களைப் பார்த்துவிட்டு ஓயும். டிஃபியூலிங்கில் அந்த ஓய்வு கிடைக்காது. புதியது பழையதைத் தள்ளும் என்ற வசதியும் போய்விடுகிறது. குழலை வெறுமையாக்கும்போது பின்னால் தள்ளப் பண்டில் இல்லை. இதற்கிடையில் டார்லிங்ரனின் நான்கு உலைகளுக்கும் சேர்த்து, மெசின்களைச் சுமந்து செல்லும் ட்ரொலிகள் மூன்றே மூன்று. நிறுத்திய உலையில் வேலை செய்யும் மெசின் பழுதுபட்டால், ஓடுகிற உலைகளுக்கு எரிபொருள் கொடுப்பதிலும் இழுபறி வரும். கான்டு உலை அடிக்கடி புதிய எரிபொருள் கேட்கும். கிடைக்காவிட்டால் வலு குறையத் தொடங்கும்.

அதனால்தான் டிஃபியூலிங் தொடங்குமுன் மெசின் தலைகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, கனநீரை வடித்து, பிரித்து, பார்த்து, மாற்றவேண்டியதை மாற்றிச் சோதனைத் தளத்தில் ஏற்றுகிறார்கள். அங்கே ஒரு போலிக் குழல் முனை இருக்கும். மெசின் அதில் பூட்டும், அடைப்பைக் கழற்றும், திரும்பப் போடும், போலிப் பண்டிலைத் தள்ளும். பண்டிலைத் தள்ளும் தண்டான ராமின் விசை, கசிவு, பிரேக், தவறான அசைவைத் தடுக்கும் இன்ரர்லொக் எல்லாம் சோதிக்கப்படும். இன்ரர்லொக் சோதனையை வெறும் சடங்கு என்று நினைக்கிற புதியவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்ராறியோவின் புரூஸ் அணுமின் நிலையத்தினுடையது. 1990 ஜனவரியில் அங்கே 4ஆம் உலையில் மெசின் குழலில் பூட்டியிருந்தபோதே கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருள் பிழையால் அதைத் தாங்கிய பாலம் நகர்ந்துவிட்டது. குழலின் முனை சேதமடைந்து கனநீர் கொட்டியது. பூட்டியிருக்கும்போது எதுவும் அசையக்கூடாது என்ற விதி காகிதத்தில் இருந்தால் போதாது. அசைய முடியவில்லை என்று மெசினிலேயே காட்டவேண்டும்.

சரி, கருவிக்கு வருவோம். மெசின் தலையை முழுவதும் பிரிக்காமல் உள்ளே பார்க்கவேண்டிய இடங்கள் பல உண்டு: சீல் உட்காரும் முகம், மகசினின் அறைகள், பண்டில்களைப் பிரிக்கும் விரல்கள், ராமை நகர்த்தும் திருகுத் தண்டான போல் ஸ்குரூ. இவற்றுக்குள் நுழைவதற்கு 6 மில்லிமீற்றர் நல்ல அளவு. 4 மில்லிமீற்றர்க் குழாய் இன்னும் ஒடுங்கிய இடத்துக்குப் போகும், ஆனால் வெளிச்சம் போதாது, தலையும் தளம்பிக்கொண்டே இருக்கும். 8 மில்லிமீற்றர் மூலைகளில் திரும்பாது.

படம் எப்படி? வடிவாக இருக்கிறது. ஆனால் விற்பனையாளர் முன்னே நிறுத்தும் பிக்சல் கணக்கை நான் பெரிதாக எடுப்பதில்லை. குழாயின் நுனித் தலையை எந்தப் பக்கம் வளைத்தாலும் அங்கேயே நிற்கிறதா என்பதுதான் என் கேள்வி. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். சீல் முகத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சிப் பையன், “அண்ணை, இது கீறலோ, தும்போ?” என்று கேட்டான். விளக்கைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் இது விளங்காது. தலையை வளைத்து வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து சாய்வாக விழவிடவேண்டும். பள்ளமென்றால் கோட்டின் இடது ஓரம் இருண்டு வலது ஓரம் மினுங்கும். மேலே கிடக்கிற தும்பென்றால் நேர்மாறு: இடது ஓரம் வெளிக்கும், நிழல் வலப்பக்கம் கோட்டைத் தாண்டி உலோகத்தில் விழும். பிறகு தலையை மறுபக்கம் கொண்டுபோய் இன்னொரு தரம் பார்க்கவேண்டும். நிழல் பக்கம் மாறி வெளியே விழுந்தது. தும்புதான், துடைக்கிற துணியிலிருந்து வந்தது. இந்தக் கருவியின் தலை அந்த இரண்டு நிலையிலும் அசையாமல் நின்றதால்தான் சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தது. முன்பு பாவித்த ஒன்றில் தலை மெல்ல மெல்லப் பின்வாங்கும். ஜொய்ஸ்ரிக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே நேரம் போகும்.

தும்பு என்று தெரிந்தவுடன் வேலை முடிந்துவிடாது. அதை எடுக்கவேண்டும், எழுதவேண்டும், எந்தத் துணி என்று தேடவேண்டும். மெசினுக்குள் விடுபட்ட எந்தச் சிறு பொருளும் கனநீரோடு போய்ப் பண்டிலின் ஊசிகளுக்கு (எரிபொருள் அடைத்த மெல்லிய குழாய்களுக்கு) நடுவே சிக்கக்கூடும். சிக்கினால் உரசி உரசி உறையைத் துளைக்கும். இந்தக் கண்ணோடு பார்த்தால் வீடியோஸ்கோப்பே ஓர் ஆபத்து. அதன் நுனியில் கழற்றி மாற்றும் லென்ஸ் ஒரு கடலைப் பருப்பின் அளவுதான். இந்தக் கருவியில் அதற்கு இரட்டைப் புரி வைத்திருக்கிறார்கள். முதல் புரி கழன்றாலும் லென்ஸ் விழாது. நடுவில் தளர்ந்து சுற்றும், இரண்டாவது புரியையும் வேண்டுமென்றே திருகினால்தான் வெளியே வரும். எனக்கு இந்த ஓர் அம்சம் படத்தின் தரத்தைவிடப் பெரிது. இரட்டைப் புரி இல்லாத கருவியை ஃபியூலிங் மெசினுக்குக் கிட்டவே கொண்டுவரவேண்டாம்.

அளவெடுக்கும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேசவேண்டும். இரட்டைக் கண் லென்ஸைப் போட்டால் இரண்டு படங்களை ஒப்பிட்டுக் கீறலின் ஆழத்தைக் கணக்கிட்டுத் தரும். காய்ந்த, மங்கலான உலோகத்தில் அருமையாக வேலை செய்கிறது. ஈரம் படிந்த பளபளப்பான முகத்தில் அப்படியில்லை. ஒளி தெறிக்கும் இடத்தை இரண்டு கண்ணும் வெவ்வேறு விதமாகப் பார்ப்பதால் கணக்குப் பிசகுகிறது, ஆனால் திரையில் எண் என்னவோ உறுதியாகத்தான் வரும். முப்பரிமாணப் படத்தைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் முள்ளு முள்ளாகவும் ஓட்டையாகவும் தெரியும். அதைத் திறக்காமல் எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதுவது பிழையான வேலை. முடிந்தவரை கிட்டப் போய், துடைத்து உலர்த்தி, வேறு கோணத்தில் இன்னொரு தரம் எடுக்கவேண்டும். அளவு தெரிந்த சோதனைக் கட்டையை வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் பார்த்துப் பதிவது இங்கே கட்டாயம்.

இனி, எந்த விமர்சனத்திலும் நான் காணாத விசயம். இந்த வேலையில் ஒரு படத்தால் பெரிய பயனில்லை. சோதனைத் தளத்துக்குப் போகுமுன் போல் ஸ்குரூவின் ஒரு புரியில் சின்னக் குழி இருந்தது என்று வைப்போம். சோதனை முடிந்து மெசின் தலை திரும்பி வந்ததும் அதே குழியை, அதே தூரத்தில், அதே சாய்வில் பார்க்கவேண்டும். அப்போதுதான் அது வளர்ந்ததா, உலோகம் செதிலாக உரிகிறதா என்று சொல்லலாம். முதல் தரம் பார்த்தவர் இரவு வேலைக்காரராக இருப்பார், இரண்டாம் தரம் பார்ப்பவர் பகல் வேலைக்காரராக இருப்பார். ஆகவே கருவி இந்த இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். இங்கேதான் இந்தக் கருவி எனக்குப் பிடித்தது. பழைய படத்தைத் திரையின் பாதியில் வைத்து மறுபாதியில் நேரடிப் படத்தைப் பார்க்கலாம். குழாயில் நீளக் குறிகள் அழியாமல் பதிந்திருக்கின்றன, எவ்வளவு உள்ளே போனது என்று வாசிக்கலாம். படத்துக்குப் பெயர் வைக்கும்போது மெசின் இலக்கம், பகுதி, திசை எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியலாகப் போட்டுத் தெரிவு செய்யலாம். கையுறை போட்ட விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டத் தேவையில்லை.

கையுறை என்றதும் நினைவுக்கு வருகிறது: தொடுதிரை எங்களுக்கு உதவாது. பருத்திக் கையுறைக்கு மேல் றப்பர் கையுறை, சில வேளைகளில் அதற்கும் மேல் இன்னொன்று. கனநீரில் ட்ரிற்றியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதால் காற்றுக் குழாய் பொருத்திய பிளாஸ்ரிக் உடுப்பும் போடவேண்டி வரும். அந்த உடுப்போடு தொடுதிரையில் ஒரு பொத்தானை அழுத்த நினைத்தால் மூன்று அழுத்துப்படும். நல்லவேளை, இதில் எல்லாவற்றையும் ஜொய்ஸ்ரிக்காலும் பக்கப் பொத்தான்களாலும் செய்யலாம். பொத்தான்கள் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு இருந்திருக்கலாம்.

குறைகளில் பெரியது விசிறி. கருவியின் உடலுக்குள் சூட்டைத் தணிக்க ஒரு சின்ன விசிறி ஓடுகிறது. விசிறி இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், காற்றோடு கதிரியக்கத் தூசியும் போகும். வெளியைத் துடைக்கலாம், உள்ளே போனதை யார் துடைப்பது? நாங்கள் உடலைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றினோம். சுற்றியதும் சூடேறித் தானாக விளக்கைக் குறைத்தது. இதே விலைக்கு விசிறியில்லாமல் முழுவதும் அடைத்த உடலோடு கருவிகள் கிடைக்கின்றன. அடுத்த முறை நான் அதைத்தான் கேட்பேன். குழாயின் மேல் பின்னிய உலோகக் கம்பி உறையும் அப்படியே. உரசலுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் பின்னலுக்குள் தூசி பிடித்தால் துடைத்து மாசை அளக்கும் சோதனையில் திரும்பத் திரும்பத் தோற்கும். மெல்லிய பிளாஸ்ரிக் உறையைப் போட்டு நுனியை மட்டும் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கதிர்வீச்சைத் தாங்குமா என்று கேட்பார்கள். வடித்துக் கழுவிய மெசின் தலைக்குள் தாங்கும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரியும். வெளியே எடுத்ததும் பெரும்பாலானவை மறையும், சில நிரந்தரமாகத் தங்கிவிடும். கதிர்வீச்சு கூடிய இடத்தில் நீண்ட நேரம் வைத்தால் கண்ணாடியும் பழுப்பாகும். பாவித்த எரிபொருள் கிடக்கும் இடத்துக்கு இது சரிவராது. அதற்கென்று கதிர்வீச்சைத் தாங்கச் செய்த கமெராக்கள் உண்டு, படம் மங்கல், விலை வேறு உலகம். பற்றரி ஒரு மாற்றோடு ஒரு ஷிப்டுக்குப் போதும், அதில் குறையில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடைசியில் கேட்க மறக்கும் கேள்வி பழுதுபார்ப்பைப் பற்றியது. மாசுபட்ட கருவியை எந்தச் சேவை நிலையமும் ஏற்காது. சுத்தம் என்று அளந்து விடுவித்தால்தான் வாசலைத் தாண்டும். அதனால் வருடாந்தச் சேவை ஒப்பந்தம் என்று காசு கட்டினால் அது பெரும்பாலும் வீண். வாடகைக்கு எடுப்பதும் அதே காரணத்தால் சரிவராது, மாசுபட்டால் முழு விலையையும் நீங்கள்தான் கட்டவேண்டும். நாங்கள் வாங்கிய இடத்தில் குழாயைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் விற்கிறார்கள், பட்டறையிலேயே கழற்றிப் பூட்டலாம். நுனி அடிபட்டபோது குழாயை மட்டும் மாற்றினோம், உடல் இன்னும் ஓடுகிறது. இது இல்லாத கருவியென்றால் முழுவதையும் கதிரியக்கக் கழிவுப் பெட்டிக்குள் போட்டிருப்போம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். காசு இருந்தால் இரண்டு வாங்குங்கள்: சோதனைத் தளத்துச் சுத்தமான பக்கத்துக்கு ஒன்று, பிரித்த தலைகளுக்குள் போக இன்னொன்று, இரண்டையும் ஒருபோதும் இடம் மாற்றிப் பாவிக்காதீர்கள். டெமோவுக்கு விற்பனையாளர் வரும்போது அவர் கொண்டுவரும் மாதிரி உலோகத் துண்டைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். இரண்டு சோடி கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்த பழைய பெயரிங் ஒன்றுக்குள் குழாயை விட்டு ஒரு கீறலைக் கண்டுபிடித்துப் படமெடுங்கள். பிறகு குழாயை முழுவதும் வெளியே இழுத்து, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து, அந்தக் கீறலைத் திரும்பக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.