வெள்ளி விலைப் பலகைக்கு எந்த மேப்பிங்?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடை ஒன்றுக்கு விலைப் பலகை செய்வதாக வைத்துக்கொள்வோம். சின்ன லினக்ஸ் போர்டு, 1920×1080 திரை. மேலே கிராம் விலை, அடியில் ஓடும் வரி. வரைவதற்கு இரண்டு வழி: ஃபிரேம் பஃபரையே (திரையில் தெரியும் படம் இருக்கும் நினைவகம்) எம்மேப் செய்து, அதாவது நம் நிரலின் முகவரிகளோடு இணைத்து, நேராக எழுதலாம், அல்லது சாதா ரேமில் ஷேடோ பஃபர் என்று ஒரு நகல் வைத்து அதில் வரைந்து, மாறிய பகுதியை மட்டும் திரைக்குத் தள்ளலாம்.

நேர்வழி பார்வைக்கு லாபம். பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு ஃபிரேம் 82,94,400 பைட். நகல் வைத்தால் இன்னொரு அவ்வளவு. ஆனால் டிரைவர் இந்த நினைவகத்தைப் பெரும்பாலும் ரைட்-கம்பைனிங் முறையில்தான் மேப் செய்து தரும். சிபியு எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் என்பதால் எழுதுவதில் குறையில்லை. படிப்பதுதான் வதை. கேஷ் (சிபியு பக்கத்திலேயே இருக்கும் வேக நினைவகம்) கிடையாது, ஒவ்வொரு தடவையும் நினைவகம் வரை போய் வர வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு இது நேராகவே அடி. ‘ழ’வின் சுழி பிசிறில்லாமல் தெரிய, ஓரத்துப் பிக்சல்களைப் பின்னணி நிறத்தோடு கலக்க வேண்டும், கலக்கப் பின்னணியைப் படித்தாக வேண்டும். ஓடும் வரி இன்னும் மோசம்: இருப்பதை எல்லாம் படித்து, நாலு பிக்சல் தள்ளித் திரும்ப எழுத வேண்டும். ஷேடோ பஃபரில் இந்தக் கூத்தெல்லாம் கேஷ் உள்ள ரேமிலேயே முடிந்துவிடும். விலைப் பலகைக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

லினக்ஸில் திரைக்கு எழுதப் பழைய எஃப்பிடெவ் இடைமுகமா, புதிய டிஆர்எம் இடைமுகம் தரும் டம் (dumb) பஃபர் என்ற எளிய ஃபிரேம் நினைவகமா என்றால் யோசிக்கவே வேண்டாம், டம் பஃபர். இரண்டை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினால், பாதி பழசும் பாதி புதுசுமாகப் படம் கிழியாது. (மாறிய பகுதியை இரண்டிலும் எழுத மறந்தால் பழைய விலையும் புது விலையும் மாறி மாறி மின்னும், கடைக்காரர் விடமாட்டார்.) எம்மேப்புக்கு டிரைவர் தரும் ஆஃப்செட் வெறும் டோக்கன் எண், முகவரி என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அப்புறம் பிட்ச், அதாவது நினைவகத்தில் ஒரு வரி பிடிக்கும் பைட் அளவு. 1366 அகலத் திரையில் வரிக்கு 5464 பைட் என்று நாமே பெருக்கிக்கொள்வோம். டிரைவர் 64-இன் மடங்காக்கி 5504 வைத்திருந்தால் படம் சாய்ந்துவிடும். டிரைவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு விடுதி வரவேற்பறையில் காப்பித் தோட்ட வீடியோ மட்டும் ஓடப்போகிறது என்றால் கதை வேறு. ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாக எழுதப்படுகிறது, எதையும் திரும்பப் படிப்பதில்லை. அங்கே ஷேடோ பஃபர் வைத்தால் விநாடிக்கு 60 ஃபிரேம் கணக்கில் சுமார் 498 எம்பி வெறும் நகலெடுப்புக்கே போகும். நேர்வழியே சரி.