வெஸ்நோத் எடிட்டர்ல கண்டிச் சண்டைகள்: ரொம்ப நாள் பாவிச்ச பிறகு எழுதுறது

வெஸ்நோத் கம்ப்யூட்டர் கேம் நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஹெக்ஸ்ங்கிற அறுகோணக் கட்டம் போட்ட மெப்ல டேர்ன் டேர்னா, மாறி மாறி யூனிட்டை (படைப்பிரிவை) நகர்த்திச் சண்டை பிடிக்கிறது. 2003ல வந்தது, இன்னைக்கும் இலவசம், பழைய லெப்டொப்லயும் நல்லா ஓடும். எல்ஃப், ஓர்க்னு கற்பனை உலகம்தான், ஆனா நான் கேமை விளையாடுறதை விட அதோட மெப் எடிட்டரையும் கேமுக்குள்ள என்ன நடக்கணும்னு எழுதுற டபிள்யூஎம்எல் கோடையும்தான் வருஷக்கணக்கா பாவிக்கிறேன், ஹட்டன்ல மழை பிடிச்சா வெளிய தலைகாட்ட முடியாத மாசங்கள்ல எனக்கு இதுதான் வேலை. போர்த்துக்கேயர் இலங்கையில கண்டி ராச்சியம் இருந்த மலைநாட்டுக்குப் படையெடுத்து வந்து அழிஞ்ச மூணு சண்டை, 1594 தந்துரே, 1630 ரந்தெனிவெல, 1638 கன்னொறுவ, மூணையும் சினாரியோவா, அதாவது கேமுக்குள்ள விளையாடுற தனித்தனிச் சண்டையா செஞ்சு கூட்டாளிமாரோட விளையாடிட்டு வர்றோம். வரலாற்றை எங்க இறுக்கிப் பிடிக்கணும், எங்க விட்டுக் கொடுக்கணும்ங்கிற கேள்விக்கு எனக்குன்னு ஒரு பதில் இப்ப இருக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

இந்தச் சண்டைகளை அப்படியே கேமா வச்சா ஒருத்தருக்கும் பிடிக்காது. 1638ஐயே எடுங்க. போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோ படையோட கண்டிக்கு ஏறி வர்றார், கண்டி ராஜா இரண்டாம் இராஜசிங்கன் ஊரைக் காலி பண்ணிட்டு ஒதுங்கிர்றான், வந்தவங்க வெறும் ஊரைக் கொளுத்திட்டுத் திரும்புறாங்க, திரும்புற வழியில கன்னொறுவையில வளைச்சுப் பிடிக்கப்பட்டு மார்ச் 28ல ஏறக்குறைய முழுப்படையும் முடிஞ்சு போகுது. 1630ல பதுளையை எரிச்சிட்டுத் திரும்பின போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். இதை முதல் நாள்ல இருந்து மெப்ல வச்சா போர்த்துக்கேயப் பக்கம் விளையாடுறவன் பாதி நேரம் ஆளில்லாத மலையில யூனிட்டை நகர்த்திக்கிட்டே இருப்பான், மிச்சப் பாதி நேரம் செத்துக்கிட்டே இருப்பான். அதனால என் கன்னொறுவ சினாரியோ ஊர் எரிஞ்ச பிறகு, மகாவலி ஆத்துப் பக்கம் திரும்பி இறங்குற இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. ஏறி வந்த கதையை ரெண்டு பந்தியில எழுதிக் காட்டிட்டு விட்டுர்றேன், தீர்மானம் எடுக்க வேண்டிய நேரம் வந்த பிறகுதான் கேம் தொடங்கணும்.

அடுத்தது லஸ்கரின்கள், இதுலதான் எனக்கு அதிக காலம் போச்சு. போர்த்துக்கேயப் படையில பெரும்பகுதி இந்த உள்ளூர்ச் சிப்பாய்கள், மூணு சண்டையிலயும் அவங்க விட்டுப் போனதோ பக்கம் மாறினதோதான் முடிவைத் தீர்மானிச்சிச்சு. கோட்ல இது ரொம்பச் சுலபம், ஒரு ஈவென்ட் போட்டு யூனிட்டோட சைட் நம்பரை மாத்தினா போதும். ஆனா எப்ப மாத்துறது? அஞ்சாவது டேர்ன்ல கட்டாயம் மாறுவாங்கன்னு வச்சும் விளையாட வச்சேன். வரலாற்றுப்படி அது சரிதான், ஆனா ரெண்டாவது தடவை விளையாடுறவன் நாலாவது டேர்ன்லயே லஸ்கரின்களை எல்லாம் ஆத்தோரமா தூரத்துல கொண்டு போய் நிப்பாட்டிர்றான், சில பேர் அவங்களை வேணும்னே முன்னுக்கு அனுப்பிச் சாக வைக்கிறாங்க. டி மெலோவுக்குத் தெரியாத ஒண்ணு இவனுக்குத் தெரியுது, அதோட அந்தச் சண்டையே இல்லாமப் போகுது. தேதியும் இடமும் ஆளும் எல்லாம் சரியா இருந்தும் அது கன்னொறுவ இல்ல.

இப்ப இருக்கிற வேர்ஷன்ல ஒவ்வொரு டேர்ன் முடிவுலயும் ஒரு ரேண்டம் நம்பர் எடுக்குது. படை சுத்தி வளைக்கப்பட்டிருந்தா, பாதை மரம் வெட்டிப் போட்டு அடைபட்டிருந்தா, ஒரு ராத்திரி அங்கேயே கழிஞ்சிருந்தா விட்டுப் போற வாய்ப்பு கூடும். தளபதி அவங்களுக்குப் பக்கத்து ஹெக்ஸ்ல நின்னா குறையும், ஆனா அங்க நின்னா முன்னணியில அவர் இருக்க மாட்டார். எங்க நிக்கிறதுன்னு விளையாடுறவன் ஒவ்வொரு டேர்னும் யோசிக்கிறான், அந்த யோசனைதான் சுவாரசியம், அந்த யோசனைதான் வரலாறும்.

தந்துரேயில இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனேன், இதைப் பத்தித்தான் கூட்டாளிமாரோட அதிகமா வாக்குவாதம் வந்திச்சு. 1594ல போர்த்துக்கேயத் தளபதி பேரோ லோபெஸ் டி சோசா, கண்டி இளவரசி தோனா கத்தரீனாவைக் கூட்டிக்கிட்டு கண்டிக்கு வந்தப்ப அவர் பக்கம் இருந்த பெரிய உள்ளூர்த் தளபதி ஜயவீர பண்டார. ஜயவீர எதிரியோட சேர்ந்துட்டார்ங்கிற மாதிரி ஒரு கடிதம் போர்த்துக்கேயர் கையில சிக்குற மாதிரி கொனப்பு பண்டார, அதாவது விமலதர்மசூரியன்ங்கிற பேர்ல கண்டியை ஆண்டவர், ஏற்பாடு பண்ணினதா சொல்லுவாங்க. அவங்க நம்பி ஜயவீரவைக் கொன்னாங்க, அவரோட ஆட்கள் கலைஞ்சு போயிட்டாங்க. இதை சினாரியோவுல வச்சா கதை தெரிஞ்சவன் எவனும் கடிதத்தை நம்ப மாட்டான். அதனால என் சினாரியோவுல சில தடவை கடிதம் பொய், சில தடவை உண்மையிலேயே ஜயவீர மாறப் போறார், கேம் தொடங்கும்போதே அது உள்ளுக்குள்ள தீர்மானமாயிரும், விளையாடுறவனுக்குத் தெரியாது. கண்டியில டியூஷன் குடுக்கிற ஒரு அக்கா, வரலாறுதான் படிப்பிக்கிறாங்க, "நடக்காததை எழுதிட்டு வரலாற்று சினாரியோன்னு பேர் வைக்காதே தம்பி"ன்னு நேராவே சொன்னாங்க. அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஆனாலும் இதுல நான் மாறல. நடந்ததை மட்டும் வச்சா டி சோசா முட்டாளாத்தான் தெரிவார். அந்த மனுஷனுக்கு அன்னைக்கு இருந்த சந்தேகத்தை விளையாடுறவன் கையில குடுக்கணும்னா ஒரு இடத்துல நடக்காததும் நடக்கலாம்னு இருக்கணும். அக்கா கேட்டதுக்காக கேம் முடிஞ்ச பிறகு உண்மையில என்ன நடந்திச்சுன்னு காட்டுற ஒரு பக்கம் சேர்த்தேன், அது நல்ல யோசனை.

எடிட்டரைப் பத்திச் சொல்லணும்னா, மலைநாட்டுக்கு இது நல்லாப் பொருந்துது. சாதாரண மனிதப் படைக்கு காடும் குன்றும் ரெண்டு மூவ் (நகர்வுப் புள்ளி) பிடிக்கும், மலை மூணு, ஆழமில்லாத தண்ணியில நின்னா பாதுகாப்பு வெறும் 20 சதவீதம், அதனால ஆத்தைக் கடக்கிறது தானாகவே பயமான வேலை ஆயிருது. எல்ஃப் ரேஞ்சருக்கு இருக்கிற காட்டுக்குள்ள மறையுற திறமையை எடுத்து கண்டிப் படைக்குக் குடுத்தேன். கம்ப்யூட்டர் பக்கத்தை நகர்த்துற ஏஐ மட்டும் அப்படியே விட்டா கண்ணை மூடிட்டு ஓடி வந்து மோதும், கண்டிப் படை அப்படிச் சண்டை பிடிக்கல, லர்க்கர்ங்கிற மைக்ரோ ஏஐ (கேமோடயே வர்ற சின்ன ஏஐ) போட்ட பிறகுதான் ஒளிஞ்சிருந்து, ஆள் கிட்ட வந்தா மட்டும் அடிக்கிற மாதிரி வந்திச்சு. துப்பாக்கிக்கு தண்டரர்ங்கிற குள்ளத் துப்பாக்கிக்காரனை அடிப்படையா எடுத்தேன், ஒரே சூடு, அடி 18. மழையில திரி நனைஞ்சா அந்தக் காலத்துத் துப்பாக்கி சுடாது இல்லையா, அதுக்கு பகல் இரவு அட்டவணையில மழைன்னு ஒரு நேரம் சேர்த்து துப்பாக்கிக்காரங்களோட பலத்தைக் குறைச்சேன், இதை நான் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். தங்கம் குடுத்து ஆள் எடுக்கிறதையும், கிராமத்துல நின்னா 8 புள்ளி குணமாகுறதையும் பாதையோரத்துல இல்லாமப் பண்ணிட்டேன், பசியோட திரும்புற படைக்கு அது கிடைக்கக் கூடாது. மனவுறுதி, களைப்புன்னு தனியா ஒண்ணும் இந்த எஞ்சின்ல கிடையாது, வேணும்னா நாமதான் வேரியபிள் வச்சு எழுதணும், கோட் பழகாதவங்களுக்கு இது கஷ்டம்.

படை எண்ணிக்கையில நான் மினக்கெடுறதே இல்ல. போர்த்துக்கேயர் எத்தனை, லஸ்கரின் எத்தனைங்கிறது புத்தகத்துக்குப் புத்தகம் பெரிசா மாறுது, மெப்ல எப்படியும் முப்பது நாப்பது யூனிட்டுக்கு மேல வச்சா விளையாட முடியாது. விகிதம் சரியா இருந்தாப் போதும். தூரத்தையும் சுருக்கிருக்கேன், பேராதனைப் பூந்தோட்டத்துல இருந்து அக்கரையில கன்னொறுவக் குன்றைப் பார்த்தவங்க என் மெப்பைப் பார்த்தா இவ்வளவு கிட்டவான்னு கேப்பாங்க. ஆனா ஆறு எந்தப் பக்கம் வளையுது, குன்று எந்தப் பக்கம் இருக்கு, இதை ஒரு ஹெக்ஸ் கூட மாத்தல, அது மாறினா எடுக்கிற தீர்மானமும் மாறிரும்.

வெற்றியைப் பத்தி. போர்த்துக்கேயப் பக்கத்துக்கு எதிரியைத் தோக்கடிக்கிறது இலக்கே இல்ல, படையில மூணுல ஒரு பங்கை மெப்போட மேற்கு ஓரத்தால வெளிய கொண்டு போனா வெற்றி. கண்டிப் பக்கத்துக்கு தளபதி தப்பவே கூடாது. மெமோயர் 44 பலகை விளையாட்டுல ரெண்டு பேரும் பக்கம் மாறி ரெண்டு தடவை விளையாடி மெடல்களைக் கூட்டிப் பார்க்கிற முறை இருக்கு, நாங்களும் அப்படித்தான், அதனால பக்கம் ரெண்டும் சமமா இருக்கணும்னு நான் வரலாற்றை வளைக்கத் தேவை இல்லாமப் போச்சு. கண்டிப் பக்கம் எப்பவும் பலமாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இன்னொண்ணு, லஸ்கரின் பக்கம் மாறுற நேரம் திரையில வர்ற வசனத்துல துரோகிங்கிற சொல்லை நான் எங்கயும் போடல. ரெண்டு ராஜாக்களுக்கு நடுவுல மாட்டின ஏழைச் சிப்பாய் அவன். எங்களோட விளையாடுறதுல தமிழ்ப் பொடியன்களும் இருக்காங்க சிங்களப் பொடியன்களும் இருக்காங்க, எல்லாரும் ரெண்டு பக்கமும் விளையாடுறாங்க, அது எனக்கு முக்கியம்.

புதுசா தொடங்குறவங்க நேரா சண்டை செய்யப் போகாம முதல்ல வெறும் மெப் ஒண்ணை வரைஞ்சு, ஒரு படையை ஒரு ஓரத்துல இருந்து மற்ற ஓரத்துக்கு நடக்க விட்டுப் பாருங்க, எத்தனை டேர்ன் போகுதுன்னு தெரிஞ்ச பிறகு எதிரியை வைங்க. நான் இப்ப 1803ஐத் தொட்டிருக்கேன், கண்டியில நோய் வந்து பாதி செத்துப் போன ஆங்கிலேயப் படையோட மேஜர் டேவி, பெருக்கெடுத்த மகாவலிக்கு முன்னால, கண்டிக்குக் கிட்ட இருக்கிற வட்டபுலுவையில நிக்கிற இடம். நோயை எப்படி விளையாட்டாக்குறதுன்னு யாராவது செஞ்சு பார்த்திருந்தா கட்டாயம் சொல்லுங்க, ஒவ்வொரு டேர்னும் சும்மா யூனிட் சாகுற மாதிரி வைக்க எனக்கு மனசில்ல.