மூட்டையைப் பிரித்து அளந்து தரும் நாய் உணவை வாங்காதீர்கள்: தண்டையார்பேட்டையில் எங்களுக்கு நேர்ந்தது

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மணி, தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய். 11 வயது, எடை 18 கிலோ. ஆடி மாதத்தில் அவனுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு உலர் உணவைக் கடிக்க முடியாமல், கிண்ணத்தை முகர்ந்துவிட்டு அவன் விலகிப் போனதால், பாக்கெட்டில் வரும் கிரேவி உணவுக்கு மாறலாமா என்று கேட்கத்தான் வீட்டருகே உள்ள கடைக்குப் போனேன்.

கடைக்காரர் உலர் உணவு ஒன்று, கிரேவி ஒன்று என இரண்டு உறைகளை என் முன் வைத்தார். "அக்கா, இதுல புரோட்டீன் 24, அதுல வெறும் 8. தண்ணிக்கா காசு குடுக்கப் போறீங்க?" என்றார். இரண்டு எண்களும் உறையில் அப்படியே அச்சாகியிருந்ததால் நம்பிவிட்டேன். பிறகு, அதே நிறுவனத்தின் உணவுதான், பெரிய மூட்டையாக வந்ததால் கிலோவுக்கு 80 ரூபாய் குறைவு என்று சொல்லி, வாசலில் இருந்த மூடியில்லாத நீல டிரம்மிலிருந்து 3 கிலோ அள்ளி, பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், பில் எதுவுமே இல்லை. கேட்கவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றாததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஐந்தாம் நாள் மணி மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தான், தண்ணீரைக்கூடத் தொடவில்லை. கவரைப் பிரித்து முகர்ந்து பார்த்தபோது பழைய முறுக்கில் வரும் சிக்கு வாடை அடித்தது. ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் எழுந்து நின்றான். உணவுதான் காரணம் என்று ஆய்வு செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆனால் திறந்து கிடக்கும் உலர் உணவில், கடற்காற்றின் ஈரமும் வெயிலும் சேர்ந்தால் கொழுப்பு கெட்டுப்போகும் என்றும், மக்காச்சோளம் போன்ற தானியம் கலந்த உணவில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிக் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்றும், அதைக் கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது என்றும் எச்சரித்தார்.

24, 8 கணக்கையும் அவர்தான் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். உலர் உணவில் ஈரம் சுமார் 10 சதவீதம், கிரேவியில் சுமார் 80 சதவீதம். 100 கிராமில் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முதலாவதில் 90 கிராமுக்கு 24 கிராம் புரதம், அதாவது ஏறத்தாழ 27 சதவீதம். இரண்டாவதில் 20 கிராமுக்கு 8 கிராம், அதாவது 40 சதவீதம். கடைக்காரர் என்னிடம் ஒப்பிட்டுக் காட்டியது ஒப்பிடவே கூடாத இரண்டு எண்களை.

அதற்காகக் கிரேவியை மட்டுமே கொடுக்கவும் அவர் சொல்லவில்லை. ஈர உணவில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1 கலோரிதான், உலர் உணவில் மூன்றரைக்கும் மேல் என்பதால், மணியின் வயிறு நிறைய ஒரு நாளைக்குப் பத்துச் சிறு பாக்கெட்டுகளாவது வேண்டியிருக்கும். எங்கள் வருமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. மேலும், பல கிரேவி பாக்கெட்டுகள் துணை உணவாகவே தயாரிக்கப்படுகின்றன. முழுமையான, சமச்சீர் உணவு என்று உறையில் எழுதியிருந்தால்தான் அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியும். ஆகவே இப்போது, நிறுவனமே சீல் வைத்த சிறிய உலர் உணவுப் பையை வாங்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஒரு பாக்கெட் கிரேவி கலந்து தருகிறேன். கடைவாய்ப் பல் இழந்த அவனுக்கு அது எளிதாக இறங்குகிறது, தண்ணீரும் உடலில் சேர்கிறது. ஊறியதில் மீதமிருந்தால் அரை மணி நேரத்தில் கொட்டிவிடுகிறேன்.

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, "பில் இருக்கா?" என்பதுதான் பதில். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, தேதி, அதிகபட்ச விலை ஆகியவை உறையில் இருக்க வேண்டும். அளந்து வாங்கிய கவரில் ஒன்றுகூட இல்லாததால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும் என்னிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த வழியே போனபோதும் டிரம் வாசலில்தான் இருந்தது. இப்படி வாங்கிய உணவு உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே கொடுப்பதை நிறுத்துங்கள். ஒரு கைப்பிடியைத் தனியே ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். நாய் சோர்ந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஈறு மஞ்சளாகத் தெரிந்தாலோ அதையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். நான் மிச்சத்தைக் கோபத்தில் குப்பையில் கொட்டிவிட்டேன்.