கே.எல். (கோலாலம்பூர்) சுற்றிக் காட்ட வேன் பேசுகிறவர்கள் கவனிக்க: என் 3,850 வெள்ளி போய்விட்டது

ஊரிலிருந்து சொந்தபந்தம் வருகிறது, ஒரு வாரம் கே.எல்.லைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று வேன் தேடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். 3,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அவ்வளவும் போய்விட்டது. போலீஸ் ரிப்போர்ட் போட்டுவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். என்ன நடந்தது, நீங்கள் எப்படித் தப்பிக்கலாம் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வந்தது புதுக்கோட்டையிலிருந்து என் பெரியம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள். அம்மா கல்யாணமாகி, அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஓடிய சிதம்பரம் கப்பலில் இங்கே வந்தவர். தங்கச்சி வாழ்கிற ஊரை ஒரு தடவையாவது பார்க்கணும் என்று சொல்லிச் சொல்லியே பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆன பிறகுதான் அண்ணன் துணிந்து டிக்கெட் போட்டார். பெரியம்மாவுக்கு முட்டி வலி, ரயில் மாறி ரயில் ஏற்ற முடியாது. எங்கள் காரில் அத்தனை பேர் கொள்ளாது. அதனால்தான் வேன்.

சமூக ஊடகத்தில் தமிழிலேயே பக்கம் நடத்துகிற ஒரு சுற்றுலா வேன் சேவை. ஏர்போர்ட் ஏற்றி இறக்குவது, பத்துமலை, புத்ராஜெயா, கெந்திங் கேபிள் கார், மலாக்காவுக்கு ஒரு நாள், இரட்டைக் கோபுர டிக்கெட், எல்லாம் சேர்த்து 3,850 வெள்ளி. முன்பணம் 1,000.

சொன்ன நேரத்துக்கு முன்பே வேன்காரன் ஏர்போர்ட்டில் வந்து நின்றான். வேன் சுத்தம். வீட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டு, பசியாறிவிட்டு, நேரே பத்துமலை. 140 அடி முருகனை அண்ணாந்து கும்பிட்ட பெரியம்மா, 272 படிகளைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். "பாட்டி, நான் இருக்கேன்ல, மெதுவா ஏறலாம்" என்று அவன்தான் கையைப் பிடித்தான். நாலு படி ஏற்றுவான், உட்கார வைப்பான், தண்ணீர் கொடுப்பான், குரங்கு கிட்டே வந்தால் விரட்டுவான். குகைக்குள் போய்ச் சேர்ந்ததும் பெரியம்மா அழுதேவிட்டார். தன் கையாலேயே அவன் நெற்றியில் திருநீறு பூசி, "யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கணும்" என்றார்.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது கேட்டான். "அக்கா, டவர் டிக்கெட்டும் கெந்திங் டிக்கெட்டும் இன்னிக்கே எடுத்தாதான் உண்டு. ஸ்கூல் லீவு, முடிஞ்சிரும். பாக்கியப் போட்டுவிட்டீங்கன்னா இப்பவே எடுத்திடுறேன்." நம் வீட்டுக் கிழவியைத் தூக்காத குறையாக மலை ஏற்றி இறக்கியவனிடம் ரசீது கொடு, உரிமம் காட்டு என்று யாருக்கு வாய் வரும்? அங்கேயே நின்றபடி போனில் 2,850 வெள்ளியைப் போட்டேன். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அந்தப் படிக்கட்டு உபசாரம் முழுக்க இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

அன்றிரவே டிக்கெட் படம் வந்தது. க்யூ.ஆர். கட்டம், 41-ஆம் மாடி ஸ்கைபிரிட்ஜ், 86-ஆம் மாடி என்று அச்சு அசலாக இருந்தது. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்று காலை வேன் வரவில்லை. "வேன் ஒர்க்‌ஷாப்ல இருக்கு, கிராப் டாக்சில போயிடுங்கக்கா, காசக் கழிச்சுக்கலாம்" என்றான். போனோம். காவலாளி படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திங்கட்கிழமை பார்வையாளர்களுக்குக் கோபுரம் திறப்பதே இல்லையாம். மூடியிருக்கிற நாளுக்கு டிக்கெட் செய்து கொடுத்திருக்கிறான்! பிள்ளைகள் புதுச்சட்டையோடு அங்கேயே நின்றதுகள்.

போன் போட்டால், "சிஸ்டம் தேதிய மாத்தியிருக்கும், பாத்துச் சொல்றேன்." மறுபடி போட்டால், "பார்ட்னர்கிட்ட பேசுங்க" என்று ஒரு நம்பர், அதை யாரும் எடுப்பதில்லை. பிறகு, "பணம் போட்டுட்டேன், பாருங்க" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட். கணக்கில் ஒரு சென் வரவில்லை. கேட்டால், "பேங்க்ல வேலை நாள் கணக்கு இருக்குல்ல." குரலை உயர்த்தினேன். "மேடம், முன்பணம் திருப்பித் தர்றதில்லைன்னு எங்க பக்கத்திலயே போட்டிருக்கு." நான் கட்டியது முன்பணமா? முழுப்பணம், 3,850 வெள்ளி! அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான். பக்கத்தில் நான் எழுதிய புகாரும் அழிந்தது.

ஊர்க் காசுக்கு முக்கால் லட்சத்துக்கு மேல் வரும். விஷயம் தெரிந்ததும் பெரியம்மா சுருக்குப் பையைத் திறந்து, "என்னாலதானே இந்த நஷ்டம்" என்று ரூபாய் நோட்டுகளை என் கையில் திணிக்கிறார். காசு போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், விருந்தாளியாக வந்த மனுஷியை இப்படிப் பேச வைத்துவிட்டானே. மீதி இடங்களை கிராப்பிலும் தம்பி காரிலுமாக ஓட்டினோம். மலாக்கா விட்டுப்போச்சு.

இன்று காலை அந்தப் பக்கத்தில் ஒரு புதுப் படம். பத்துமலைப் படியில் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவன். மேலே "மனநிறைவான வாடிக்கையாளர்" என்று எழுதியிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் நேரே போலீசுக்குப் போனேன்.

சரி, கோபுர டிக்கெட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில் நீங்களே எடுங்கள். வேன்காரரிடம் சுற்றுலா அமைச்சின் உரிம எண் கேளுங்கள், இழுத்தடித்தால் விடுங்கள். பணம் போடுமுன் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். முழுப்பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும். மோசடி என்று தெரிந்த கையோடு மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கஷ்டம். நுகர்வோர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் எதிராளிக்கு ஒரு முகவரி வேண்டுமே, இவனுக்கு நான் எங்கே போவேன்?

இதே மாதிரி படிக்கட்டில் கைபிடித்து ஏற்றிவிட்டு வாசலில் பாக்கி கேட்டவனிடம் நீங்களும் பணம் கட்டியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். பணம் போட்ட ரசீதை எடுத்துக்கொண்டு போய் இன்றைக்கே ரிப்போர்ட் போடுங்கள்.