பின்பலகையை மாற்றியாச்சு, மேலே என்ன பூசுவது?

பிளைவுட் வள்ளத்தில் உளுத்துப்போக அதிக வாய்ப்புள்ள இடங்களில் ஒன்று எஞ்சின் மாட்டும் பின்பலகை. எங்கள் வள்ளத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டு ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) மெரைன் பிளைவுட் போட்டோம். அதைக் காக்க மூன்று வழி இருந்தது: வெறும் பெயின்ட், பாலியெஸ்டர் ரெசினோடு பைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு), எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் இறுகும் பிசின்). நான் எபாக்ஸிக்குப் போனேன். இன்னொரு முறை செய்தாலும் அதுதான்.

பெயின்ட் மலிவு, யாரும் அடிக்கலாம், வருடாவருடம் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். பாலியெஸ்டர் கடலோர ஊர்களில் எளிதாகக் கிடைக்கும், விலையும் எபாக்ஸியைவிடக் குறைவு. ஆனால் மரத்தோடு அதன் பிடிப்பு எபாக்ஸி அளவுக்கு இல்லை. மரம் ஊறி, காய்ந்து அசையும்போது ஓரத்தில் பெயர்ந்துவிட்டால், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும்.

எனக்கு முடிவைச் சொன்னது பலகையின் ஓரமும் போல்ட் ஓட்டைகளும்தான். மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூசணத்துக்கு வசதி. கடல் தண்ணீரைவிட, தேங்கும் மழைத்தண்ணீர்தான் இதில் மோசம். பிளைவுட்டின் முகப்பு மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும். வெட்டிய ஓரம் அப்படியில்லை: அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால், எந்தப் பக்கம் வெட்டினாலும் சில அடுக்குகளின் நார்முனை திறந்து கிடக்கும். அது ஸ்ட்ரா போல உறிஞ்சும். துளை போட்டாலும் இதே கதைதான்.

அதனால் ஓரங்களை லேசாக உருட்டித் தேய்த்து, மூன்று கோட் எபாக்ஸி கொடுத்தோம். முதல் கோட்டை ஓரம் குடித்துவிடும்; அதன் பிசுபிசுப்பு போகுமுன் அடுத்தது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போட்டு, சிலிக்கா பொடி கலந்த கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் 12 மி.மீ. துளைத்தோம். போல்ட் இப்போது மரத்தைத் தொடவே இல்லை. பெயின்டால் இதைச் செய்ய முடியாது. பைபர் மேட்டும் துளைக்குள் போகாது.

எபாக்ஸிக்கும் நிபந்தனை உண்டு. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். முழுதாக இறுகிய கோட்டின் மேல் மெழுகு போன்ற படலம் படிந்திருந்தால், தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்தது. வெயில் எபாக்ஸியைச் சிதைக்கும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். மரம் உளுக்காமல் இருக்கத் தடவும் செம்பு கலந்த எண்ணெய் மருந்தை முதலில் தடவினால் எபாக்ஸி சரியாக ஒட்டாது.

பூசணத்தைத் தடுக்கும் போராக்ஸ் கரைசலைப் பக்கத்துப் பழைய மரத்தில் மட்டும் தடவினேன். தண்ணீர் பட்டால் கரைந்து போகும் சரக்கு அது. எவ்வளவு காலம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டொரு வருடத்தில் கழிக்கப்போகிற வள்ளம் என்றால் பெயின்டே போதும். எபாக்ஸி போட்டவர்கள் பின்னால் ஒரு விளக்கு மாட்டச் சின்ன ஸ்க்ரூ அடித்தாலும், அந்தத் துளையையும் அதேபோல அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.